அனுமதி கேட்டு நின்றவள்

ஐயா, தாமதம் எனக்குப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூட முதல் மணி அடிக்கும் முன்பே போய் உட்கார்ந்துவிடுவேன். நீங்கள் பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னீர்கள், ஒன்பதரைக்கே வந்துவிட்டேன்.

என் பெயர் ஞானரத்தினம். ராஜபாளையத்துக்கும் செட்டியார்பட்டிக்கும் இடையிலுள்ள ஒரு நூற்பாலையில் பதினோரு வருடமாக சூப்பர்வைசர். யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அபராதம் மட்டும்தான். வேலை நேரத்தில் பேசினால் ஐம்பது ரூபாய். கழிப்பறையில் ஐந்து நிமிடம் தாண்டினால் நூறு. என்னைக் கேட்காமல் மெஷினை நிறுத்தினால் ஒருநாள் சம்பளம். அந்தப் பணத்தில்தான் பொங்கலுக்கு எல்லோருக்கும் சில்வர் டப்பா கொடுத்தோம்.

மாரிச்செல்வி நல்ல வேலைக்காரி, ஆனால் அவசரக்காரி. போன மாதம், பக்கத்தில் நின்ற பாண்டிசெல்வியின் விரல் மெஷினில் மாட்டப்போகிறது என்று சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டாள். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால்தான் அபராதம் போட்டேன்.

"மாட்டியிருந்தா என்ன சார் செய்விய?" என்று கேட்டாள்.

எதிர்த்துப் பேசியதற்கு இன்னொரு நாள் சம்பளம். அதன்பின் எதற்கும் என்னிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் செய்தாள். திருந்திவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு என் அறைக்கு ஓடிவந்தாள்.

"சார், பாண்டி துப்பட்டா பெல்ட்ல சுத்திக்கிடுச்சு. கழுத்த நெரிக்குது. நிப்பாட்டட்டுமா?"

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. கண்ணாடி வழியே தெரியவும் செய்தது. பாண்டிசெல்வி ஒரு கையால் தூணைப் பிடித்திருந்தாள். சுற்றி நின்றவர்கள் யாரும் பொத்தானைத் தொடவில்லை. எல்லோரும் என் அறையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்தக் கூடம் முழுவதும் என் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது. உண்மையைச் சொல்கிறேன் ஐயா, அதைக் கொஞ்ச நேரம் பார்க்கவேண்டும்போல் இருந்தது.

"இரு, டீயைக் குடிச்சிட்டு வாரேன்" என்றேன்.

டீ சூடாக இருந்தது. குடித்துவிட்டுப் போய் நானே நிறுத்தினேன். அதற்குள் தூணிலிருந்து அந்தக் கை நழுவியிருந்தது.

கூமாப்பட்டியிலிருந்து பாண்டிசெல்வியின் அப்பா தனுஷ்கோடி வந்தார். "ஒரு பொத்தானை அமுக்க அம்புட்டுப் பேருல ஒருத்தருக்கும் கை வரலையா?" என்று கேட்டார்.

நான்தான் அவளைச் சாகவிட்டேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஈரமில்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அன்று மத்தியானம் முழுக்க மாரிச்செல்வி வேலை பார்க்காமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். அதற்கு நான் அபராதம் போடவில்லை.