வேலுநாச்சியார் கூப்பிட்டாங்க

— கிட்ட வராத ஜெனி, கிரீடம் சாயுது. மொதல்ல சொல்லு, நெசமாவே பேர் குட்த்துட்டியா?

— குடுத்துட்டேன் கோகிலா. ஏர்ஃபோர்ஸ் ஸ்டால்ல ரிஜிஸ்டர் பண்ணிட்டேன். நீதானே மேடையில வாளைத் தூக்கிக்கிட்டு, "தாம்பரத்துப் பொண்ணுங்களே, கிளம்புங்க"ன்னு கத்தின?

— அடி லூசு! அது எழுதிக் குட்த்த வசனம். வேலுநாச்சியார் டிரஸ்சாம், எங்க நைனா கடையில வாடகைக்கு உடறது. போன வாரம் படப்பை ஸ்கூல்ல இதே பாவாடைக்கு மீனாட்சின்னு பேரு.

— ஆனா நீ பேசினப்ப எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுடுச்சு.

— எனுக்கும் அரிச்சிச்சி. ஜரிகை.

— பக்கத்துல யூனிஃபார்ம்ல ஒரு மேடம் இருந்தாங்களே...

— அவங்களாண்ட எவ போனா? எல்லாம் என்னாண்ட செல்ஃபி எடுக்க வந்து வுழுந்துச்சுங்க. நெஜ பட்டாளத்துக்காரம்மா நோட்டீசால விசிறிகினு ஒக்காந்திருந்தாங்க.

— நான் போனேன். ரொம்ப நேரம் பேசினேன்.

— ஜெனி, கரப்பான் பாத்தாலே நாற்காலி மேல ஏறுறவ நீ. உனுக்கு எதுனா ஒண்ணு ஆச்சின்னா நான் எப்டிடீ தூங்குவேன்? வா, பேரை அடிச்சிட சொல்லலாம். நானே கேக்கறேன்.

— வேணாம்.

— உங்கப்பா வாத்தியாரு என்னை சும்மா உடுவாரா? பேஜாராயிடும்.

— அப்பாதான் முதல் வரிசையில எழுந்து கைதட்டினாரு. நான் பேர் குடுத்தேன்னதும், அவரு பாடம் நடத்தற சேலையூர் ஸ்கூல் மொத்தமும் பார்க்க, "என் பொண்ணு"ன்னு தோளைத் தட்டினாரு. இனிமே வேணாம்னு சொல்ல அவருக்கே வாய் வராது.

— எல்லாம் என்னாலதான். ஒரு அட்டைக் கத்திய ஆட்டிகினு உன் வாழ்க்கையவே கெட்த்துட்டேன்...

— அழாதடி, மை கரையுது. உன் பேச்சைக் கேட்டு நான் பேர் குடுக்கல.

— பின்ன இன்னாத்துக்கு?

— வர்ற ஞாயித்துக்கிழமை சர்ச்ல எல்லார் முன்னாடியும் என் கல்யாணத்தை அறிவிச்சு ஓலை வாசிக்கறதா இருக்கு. எனக்கு இப்ப கல்யாணம் வேணாம்னு அழுது பாத்துட்டேன், அப்பா கேக்கல.

— ஐயோ! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடி.

— அந்த மேடம்தான் சொன்னாங்க. கல்யாணம் ஆகாதவளைத்தான் எடுப்பாங்களாம். சேர்ந்தா நாலு வருஷத்துக்குக் கல்யாணமே பண்ணக் கூடாதாம்!