மங்களபத்திரத்தின் முதல் வடிவம்

நீங்கள் வரவழைத்துக் கொடுத்த பழம்பொரி நன்றாக இருந்தது, சார். ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட்டேன். நேரில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்றதும், எழுதியே கொடு என்று காகிதமும் தனி அறையும் கொடுத்தீர்கள். இந்தக் கம்பெனியில் எனக்குத் தனி அறை கிடைப்பது இதுதான் முதல் தடவை. அதற்கும் நன்றி.

ஆன்டப்பன் சேட்டனின் சஸ்பென்ஷனைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் என் வேலை என்னவென்று சொல்ல வேண்டும்.

எங்கள் மருந்துக் கம்பெனியில் பின்கட்டில் கஷாயமும் தைலமும் கொதிக்கும். முன்கட்டில் ஆபீஸ். ஆபீஸில் எல்லோரும் எல்லாவற்றையும் ஒரே பொது மென்பொருளில் எழுதுகிறோம். ஒரு கோப்பை நாலு பேர் ஒரே சமயத்தில் திறந்து திருத்தலாம். அப்போது ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடுவார். சில சமயம் கோப்பே போய்விடும். என் மேஜைக்கு வந்து மெதுவாக, "லின்சி, ஒரு சாவு விழுந்துருச்சு" என்பார்கள். எடுத்துக் கொடுப்பது என் வேலை.

உண்மையில் எதுவும் போவதில்லை. அழித்த கோப்பு குப்பைத்தொட்டியில் கிடக்கும். அங்கிருந்தும் அழித்தால் அதற்கடியில் இன்னொரு குப்பைத்தொட்டி உண்டு. அதைத் திறக்க எனக்கு மட்டும்தான் அனுமதி. அது போக, ஒவ்வொரு கோப்புக்குப் பின்னாலும் அதன் பழைய வடிவங்கள் வரிசையாக நிற்கும். எதை யார் எழுதினார், யார் அழித்தார் என்று பெயரோடு. மற்றவர்களுக்கு அதைப் பார்க்கப் பொறுமை கிடையாது. எனக்கு உண்டு.

நான் படித்தது பிசிக்ஸ். எங்கள் கல்லூரி லேபில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் மன்னிப்பே கிடையாது. முதலில் எடுத்த ரீடிங்கை ரப்பர் வைத்து அழித்துவிட்டு, விடை சரியாக வருகிற மாதிரி வேறொன்றை எழுதினால் பூஜ்யம். அளவு தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, முதலில் பார்த்தது எதுவோ அது நிற்க வேண்டும். ஆபீஸுக்கு வந்து இங்குள்ள கோப்புகளின் பழைய வடிவங்களைப் பார்த்தபோது, முதல் ரீடிங்கை அழிக்காத மனிதர் ஒருவர்கூட இல்லை என்று தெரிந்தது.

டெஸ்பாட்ச் ஷிஜினாவின் லீவு விண்ணப்பத்தில்தான் ஆரம்பித்தேன். அவள் அனுப்ப இருந்தது, "வயிற்றுப்போக்கு காரணமாக." அதற்கு முன்பு எழுதி அழித்தது, "இன்று யாருடைய முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை." நான் முதல் வடிவத்தை மீட்டு வைத்தேன். மானேஜர் ஒரு நாளைக்குப் பதில் இரண்டு நாள் லீவு கொடுத்து, தனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று ஓரத்தில் எழுதியிருந்தார். யாருக்கும் நஷ்டமில்லை.

பிறகு கூந்தல் தைலத்தின் லேபிள். எழுதுகிறவர் முதலில் எழுதி அழித்திருந்த வரி: "இது முடி வளர்க்கும் என்று எங்களால் சத்தியம் செய்ய முடியாது. தலையணை மணக்கும்." அதை மீட்டேன். அப்படியே அச்சாகி, பாலக்காட்டுப் பக்கம் நன்றாக விற்றது. எம்.டி. அவரைக் கூப்பிட்டுத் துணிச்சலைப் பாராட்டினார். அவர் மறுக்கவில்லை.

எம்.டி.யின் மாமியார் இறந்தபோது பத்திரிகைக்குப் போன அஞ்சலி விளம்பரமும் நான் மீட்டதுதான். "தங்களுக்குக் கிடைத்துள்ள நிம்மதியில் நாங்களும் பங்குகொள்கிறோம்" என்பது அட்மின் மானேஜரின் முதல் ரீடிங். அவர் இப்போது காசர்கோடு டிப்போவில் இருக்கிறார். அங்கே கடல் காற்று உடம்புக்கு நல்லது என்கிறார்கள்.

இவை எதிலும் நான் ஒரு சொல்கூட எழுதவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டவர் என்ற இடத்தில் 'நிர்வாகி' என்று மட்டும் காட்டும். நிர்வாகி என்பது மென்பொருளில் உள்ள ஏதோ ஒரு வசதி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது ஒரு ஆள் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

இனி விலாசினி சேச்சி.

சேச்சி பேக்கிங் பிரிவின் சூப்பர்வைசர். இந்தக் கம்பெனியில் என்னிடம் வேலை இல்லாமலும் பேசுகிற ஒரே ஆள். மதியம் என் டப்பா மூடியில் மாங்காய் போட்ட மீன்கறியில் ஒரு துண்டை வைத்துவிட்டு, "நீ வாயைத் தொறந்தா கரண்ட் பில் ஏறுமா மோளே?" என்பார். நான் சிரிப்பேன். அவருக்கு அது போதும். எனக்கும் அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவருக்கு ஓய்வு வயது வந்தது. கணவர் மஸ்கட்டுக்குப் போனவர், திரும்பவில்லை. ஒல்லூரில் வீடு, பிள்ளைகள் கிடையாது. "வீட்ல என்னடி இருக்கு? ஒரு கடிகாரம். அதுக்கும் பேட்டரி தீர்ந்தாச்சு" என்பார். எம்.டி.யிடம் போய்க் கேட்டார். பேக்கிங்குக்கு ஆலோசகராக, அதே நாற்காலியில், மறுநியமனம் தருவதாக எம்.டி. ஒப்புக்கொண்டார். பிரிவுபசார விழாவில் மங்களபத்திரம் என்கிற பாராட்டுமடலை வாசித்து முடித்ததும் மேடையிலேயே உத்தரவைக் கொடுப்பதாக ஏற்பாடு. ரகசியம் என்று சொல்லப்பட்டதால் எல்லோருக்கும் தெரியும்.

சேச்சிக்கு அந்த நாற்காலியைத் தவிர வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

இங்கே யார் ஓய்வு பெற்றாலும் விழாக் கமிட்டியின் கன்வீனர் விலாசினி சேச்சிதான். பொன்னாடை எடுப்பது, பாயசத்துக்குச் சொல்வது, மங்களபத்திரத்தைக் கண்ணாடி ஃபிரேம் போட்டு வாங்கிவருவது எல்லாம் அவர். இந்த முறை அவரையே வழியனுப்ப வேண்டியிருந்ததால் சேல்ஸ் ஆன்டப்பன் சேட்டன் கன்வீனர் ஆனார். கமிட்டிக் கோப்புகளைத் திறக்கும் அனுமதியிலிருந்து சேச்சியின் பெயரை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. எடுக்கவில்லை.

கமிட்டி ஒரு மாலை சாயாவும் பரிப்புவடையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் ஒரே கோப்பைத் திறந்து, ஒருவரையொருவர் சிரிக்க வைக்க எழுதினார்கள். ஆன்டப்பன் சேட்டன் எழுதியது: "தங்கள் மூக்கு நுழையாத அலமாரி இந்தக் கட்டடத்தில் இல்லை." அடுத்தவர்: "தங்கள் மீன்கறியைத் தின்று நாங்கள் நம் ஜீரண மருந்துக்கே வாடிக்கையாளர் ஆனோம்." இன்னொருவர்: "கடல் கடந்தவர் ஏன் கரை திரும்பவில்லை என்பது தங்களோடு ஒரு நாள் வேலை பார்த்தவருக்குப் புரியும்." கடைசியில் மறுபடியும் ஆன்டப்பன் சேட்டன்: "மறுநியமனம் என்று ஒரு பேச்சு காதில் விழுகிறது. குருவாயூரப்பா, எங்கள்மீது இரக்கம் வை." வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கிறிஸ்தவர் குருவாயூரப்பனைக் கூப்பிட்டதுதான் அன்றைய பெரிய சிரிப்பு. என் மேஜை பக்கத்தில்தான். கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாளைக்கு ஒழுங்காக எழுதலாம் என்று எழுந்து போனார்கள். யாரும் எழுதவில்லை. விழா நெருங்கியது. திடீரென்று ஒருநாள் கோப்பில் வேறு மங்களபத்திரம் இருந்தது. அழகானது. "தாயுள்ளம் கொண்ட தங்களைப் பிரிகையில் எங்கள் கைகள் தளர்கின்றன" என்று தொடங்கியது. கமிட்டியில் ஒவ்வொருவரும் இன்னொருவர் எழுதியது என்று நினைத்து, கீழே ஓகே என்று போட்டார்கள். ஆன்டப்பன் சேட்டன் போனில் யாரிடமோ, "நம்ம கமிட்டியிலயும் எழுதத் தெரிஞ்சவன் இருக்கான்டோ" என்று பெருமைப்பட்டார்.

எழுதியவர் பெயர் பின்னாலிருந்த வடிவங்களில் இருந்தது. விலாசினி சேச்சி.

பழக்கத்தில் திறந்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் திறந்த கோப்பு சைரன் அடிக்கும் வரை அவர் திரையில் திறந்தபடியே இருந்திருக்கிறது. பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தனக்குத்தானே 'தாங்கள்' போட்டு எழுதியிருக்கிறார். மறுநாள் மதியமும் என் மூடியில் மீன்துண்டு வைத்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஒருவர் தன்னுடைய ரீடிங்கை அழிப்பது ஒரு தவறு. அடுத்தவர்களுடைய ரீடிங்கை அழித்துவிட்டுத் தனக்குச் சாதகமாக எழுதுவது அதைவிடப் பெரிய தவறு. இதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். ஓகே எல்லாம் விழுந்த பிறகு, அச்சகத்துக்கு அனுப்புமுன், நான் முதல் வடிவத்தை மீட்டேன். அச்சடித்து, ஃபிரேம் போட்டு, வண்ணக் காகிதம் சுற்றி வந்தது. எல்லோரும் ஓகே சொன்ன ஒன்றை மறுபடி பிரித்துப் படிப்பது எங்கள் கம்பெனியில் வழக்கமில்லை.

வாசித்தது ஸ்டோர்ஸ் பிரபாகரேட்டன். கோயில் விழாவில் மைக்கில் அறிவிப்பவர். எதைக் கொடுத்தாலும் ராகத்தோடு வாசிப்பார், பொருள் அவர் காதுக்குக் கொஞ்சம் பின்னால்தான் வரும். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கைதட்டுவது இங்கே வழக்கம். அலமாரிக்கும் தட்டினார்கள். மீன்கறிக்கும் தட்டினார்கள், சிரிப்போடு. கடல் கடந்தவருக்குப் பின்வரிசையில் மட்டும் தட்டினார்கள். பிரபாகரேட்டனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் ஃபிரேமுக்குள் இருப்பதைப் பாதியில் நிறுத்த அவருக்குத் தெரியாது. குரலைக் குறைத்துக்கொண்டு குருவாயூரப்பன் வரை வாசித்து முடித்தார்.

எம்.டி. ஜனநாயக உணர்வுள்ளவர். ஊழியர்களின் ஒருமித்த கருத்து ஃபிரேம் போட்டு வந்திருக்கும்போது அவர் என்ன செய்வார்? சட்டைப்பையிலிருந்து பாதி எடுத்த உறையைத் திரும்ப வைத்துக்கொண்டார்.

சேச்சி பொன்னாடையோடு, கூப்பிய கையைப் பிரிக்காமல் நின்றார். ஃபிரேமை வாங்க வேண்டும் என்பதற்காகப் பிரித்தார். பேசச் சொன்னபோது, "எழுதினவங்களுக்கு நன்றி. உள்ளதைத்தானே எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவரே உள்ளது என்று சொன்னதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கோப்பின் அந்த வடிவத்தில் ஆன்டப்பன் சேட்டன் பெயர் இருந்தது, கன்வீனரும் அவர்தான் என்பதால் சஸ்பென்ஷன் அவருக்கு. வேறொன்று எழுதப்பட்டிருந்தது, அதற்குத்தான் ஓகே போட்டோம் என்று கமிட்டி மொத்தமும் சத்தியம் செய்தது. அந்த வேறொன்றை யார் எழுதியது என்று கேட்டீர்கள். யாரும் கை தூக்கவில்லை. தூக்கக்கூடிய ஒரே ஆள் வாய் திறக்க மாட்டார். திறந்தால், என் புகழை நானே எழுதிக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். அதனால் எனக்கு ஆபத்து எதுவும் இல்லை என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன். இதை என் நேர்மையாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒல்லூருக்குப் போனேன். சேச்சி மெலிந்திருந்தார். மங்களபத்திரத்தை முன்னறையில், கூரைக்குப் பக்கத்தில், யாரும் படிக்க முடியாத உயரத்தில் மாட்டியிருந்தார். "வர்றவங்க எங்கேன்னு கேட்பாங்க மோளே. மாட்டாம இருக்க முடியுமா?" என்றார். சாயா போட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டார். நான் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் பார்க்காமல் கேட்டார்.

"வேற ஒண்ணு இருந்துச்சாமே. யாரோ நல்லவங்க எழுதினது. அழிஞ்சுபோனதை உன்னால எடுக்க முடியும்ல?"

"எதுக்கு சேச்சி?"

"ஒண்ணுக்குமில்ல. ஒரு தடவை யாராச்சும் வாசிச்சுக் கேக்கணும்."

"அது கிடைக்காது சேச்சி. நிரந்தரமாப் போயிடுச்சு" என்றேன்.

அவர் தலையசைத்தார். "போனது போகட்டும். நீ சாயாவைக் குடி" என்றார்.

அப்போது அது பொய். திங்கட்கிழமை காலை ஆபீஸுக்கு வந்ததும் உண்மையாக்கினேன். அந்த ஒரு வடிவத்தை மட்டும் வரிசையிலிருந்து எடுத்து, குப்பைத்தொட்டியிலிருந்தும் அதற்கடியில் உள்ளதிலிருந்தும் நீக்கினேன். நீங்கள் எந்த நிபுணரைக் கூட்டிவந்தாலும் கிடைக்காது. நான் வேலைக்கு வந்ததிலிருந்து நிரந்தரமாக அழித்தது அது ஒன்றைத்தான். சேச்சி இப்போது கதவைத் திறப்பதில்லை, பக்கத்து வீட்டார் வைத்துவிட்டுப் போகும் சாப்பாடும் அப்படியே இருக்கிறது என்று நீங்கள் சொன்னதற்காக வருத்தப்படுகிறேன். அவரிடம் அதைக் கொடுத்திருக்கலாம். என் கையில் இருந்தது.

ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். அதில் குறை இருந்தது, சார். கடைசிப் பத்தியில், "தங்கள் அன்பின் நிழலில் வளர்ந்தவர்கள்" என்று ஒரு பெயர் வரிசை. ஷிஜினா இருந்தாள். பேக்கிங் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள், கல்யாணம் ஆகி வேலையை விட்டுப் போன இரண்டு பேர் உட்பட. ஆன்டப்பன் சேட்டனும் பிரபாகரேட்டனும் இருந்தார்கள். தண்ணீர் கேன் போடும் தமிழ்க்காரர் இருந்தார். கேன்டீன் பூனை சுந்தரி இருந்தது. அப்படிப்பட்ட அரைகுறைப் பட்டியல் ஒன்று கம்பெனிக் கோப்பில் இருப்பது சரியல்ல. தேடும் கட்டத்தில் லின்சி என்று அடித்துப் பார்த்தேன். கைதவறி வேறு மாதிரி அடித்திருப்பார் என்று இன்னும் சில விதமாகவும் அடித்துப் பார்த்தேன். அதற்கும் நான் செய்ததற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.