தங்கச்சிக்குக் கொடுத்த கார்

பழைய கார் வாங்க வருகிறவர்கள் முதலில் டயரைக் காலால் எத்திப் பார்ப்பார்கள். அப்புறம் ஏசி குளிருகிறதா, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று கேட்பார்கள். ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் இருபத்திரண்டு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். மோதினால் இந்த வண்டி தாங்குமா என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை, சார். என் தங்கச்சி புருஷன் வேல்பாண்டியும் கேட்கவில்லை.

என் பெயர் நவநீதகிருஷ்ணன். வயது நாற்பத்தெட்டு. அடிபட்ட கார்களை வாங்கி, தட்டி நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து விற்பது தொழில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கச்சி அனுசியா என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். தலை வாரிவிட்டது, ஸ்கூலில் கொண்டுபோய் விட்டது, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தது எல்லாம் நான்தான். பெரியவளானதும் சமையலை அவள் எடுத்துக்கொண்டாள். மத்தியானம் ஒரு மணிக்குக் கேரியரோடு பட்டறைக்கு வருவாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். வேறு எங்கேயும் போகவேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை.

ஏழு பேர் பெண் பார்க்க வந்தார்கள். ஏழு பேரிடமும் ஏதோ ஒரு குறை இருந்தது. திருப்பி அனுப்பினேன். வேல்பாண்டியை மட்டும் அவளே பார்த்துக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன். ஒரு நாள் கேரியரை மூடிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, எனக்கு முப்பத்திரெண்டு ஆயிருச்சு. நான் அவியளக் கட்டிக்கிடுதேன். நீ வேணாம்னு சொன்னாலும் கட்டிக்கிடுவேன்."

நான் கோபப்படவில்லை. முன்னால் நின்று நானே கல்யாணத்தை நடத்தினேன். பந்தியில் நெய் ஊற்றியதுகூட நான்தான்.

அடுத்த மாதம் அந்தக் கார் கைக்கு வந்தது. பத்து வருஷத்துக்கு முந்தின மாடல், குடும்பத்துக்குத் தோதான சின்ன வண்டி. மதுரைக்காரர் ஒருவர் பாலத்தில் மோதிவிட்டு, வந்தவரைக்கும் போதும் என்று தள்ளிவிட்டார். ஏர்பேக் இரண்டும் வெடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. அதே மாடலை வெளிநாட்டில் மோதவிட்டுச் சோதித்த வீடியோ ஒன்று இருக்கிறது. உள்ளே ஆள் மாதிரி பொம்மைகளை உட்காரவைத்து மோதுவார்கள். பிறகு பொம்மையின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு நிறம் கொடுப்பார்கள். பச்சை என்றால் பயமில்லை, சிவப்பு என்றால் உயிருக்கு ஆபத்து. ஏர்பேக் உள்ள வண்டியில் டிரைவர் பொம்மைக்குத் தலை பச்சை, நெஞ்சு மஞ்சள். இல்லாத வண்டியில் தலை, கழுத்து, நெஞ்சு மூன்றுமே சிவப்பு. அந்த வீடியோவை நான் பல தடவை பார்த்தேன். யோக்கியமான சோதனை, சார். எதையும் மறைக்கவில்லை.

இடது பக்கத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து புது ஏர்பேக் வரவழைத்தேன். அது தங்கச்சி உட்காரும் இடம். அதில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். வலது பக்கம், ஸ்டியரிங் மூடிக்குள் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியைச் சுருட்டி அடைத்தேன். ஏர்பேக் இல்லையென்று காட்டும் விளக்கு எரியாமல் வயரில் ஒரு வேலை செய்தேன். டிரைவர் சீட்டுக்கு, வெடுக்கென்று இழுத்தாலும் பிடிக்காத பழைய பெல்ட்டை மாட்டினேன். பிரேக்கை நான் தொடவே இல்லை. பிரேக்கில் கைவைத்தால் அது கொலை. நான் காப்பாற்றுகிற சாமானை வைக்காமல் விட்டேன், அவ்வளவுதான்.

சாவியைக் கையில் கொடுத்தபோது வேல்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எதுக்கு மச்சான் இதெல்லாம்?"

"எந்தங்கச்சி பஸ்ஸுல நின்னுக்கிட்டு வரக் கூடாதுல்ல, மாப்ள."

பிறகு பதினாறு மாதம் காத்திருந்தேன். போன் அடித்தால் உடனே எடுக்க மாட்டேன், என்ன சேதியாக இருக்கும் என்று கொஞ்சம் யோசித்துவிட்டு எடுப்பேன். பெரும்பாலும் அனுசியாதான். சாப்பிட்டாயா என்று கேட்பாள். வேல்பாண்டி இவ்வளவு நிதானமாக ஓட்டுகிறவன் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

போன ஆடியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அந்தக் கார் பட்டறைக்குள் வந்து நேராக நின்றது. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு அனுசியா இறங்கினாள்.

"எப்படிண்ணே? ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து நானேதான் ஓட்டிட்டு வாரேன். லைசென்ஸும் வாங்கியாச்சு. இனிமே வண்டி உனக்குத்தான்னு அவிய சொல்லிட்டாவ."

"மாப்ள என்ன செய்வான்?"

"பக்கத்து சீட்டுல உக்காந்து கடலை திம்பாவ. ஞாயித்துக்கிழமை குத்தாலம் போறோம். ஒருக்கா பாத்துக் குடுண்ணே. நான் கடைக்குப் போயிட்டு சாயந்திரமா வாரேன்."

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது இந்த மத்தியானத்தைப் பற்றித்தான். கார் நாலு மணி நேரம் என்னிடம் இருந்தது. அதற்குப் பொருந்துகிற ஏர்பேக் ஒன்று அலமாரியில் இருந்தது. நல்ல பெல்ட்டும் இருந்தது. மாட்டுவதற்கு ஒரு மணி நேரம் போதும். ஸ்டியரிங் மூடியைக் கழற்றவும் செய்தேன். அப்போது, அவள் இறங்கி வந்த விதம் மனசில் ஓடியது. சாவியை விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள். என்னோடு இருந்த இருபத்து மூன்று வருஷத்தில் அவள் அப்படி ஒரு நாளும் நடந்து நான் பார்த்ததில்லை. மூடியை மறுபடி மாட்டினேன். ஆயில் மாற்றினேன். டயருக்குக் காற்றடித்தேன். கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்து வைத்தேன்.

"எல்லாம் சரியா இருக்காண்ணே?" என்று சாயங்காலம் கேட்டாள்.

"சரியா இருக்கு. பெல்ட்ட மட்டும் மறக்காமப் போட்டுக்கோ" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செட்டியார்பட்டி தாண்டியதும் ஒரு லோடு வேன் குறுக்கே திரும்பியது. இடது பக்கத்து ஏர்பேக் விரிந்தது. வேல்பாண்டிக்கு ஒரு கால் முறிந்ததோடு சரி. அனுசியாவுக்குக் கழுத்தில் அடி. ஆஸ்பத்திரியில் ஐம்பது நாள் இருந்தாள். இப்போது கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. தொண்டையில் குழாய் போட்டிருப்பதால் பேச்சும் வராது. கண் தெரியும், காது கேட்கும், சொல்வது எல்லாம் புரியும் என்று டாக்டர் சொன்னார்.

வேல்பாண்டி ஊன்றுகோலோடு நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"நீங்க வச்ச ஏர்பேக்தான் மச்சான் என்னயக் காப்பாத்துச்சு. அவளுக்கு மட்டும் ஏன் விரியல?"

சில நேரம் அப்படி ஆவதுண்டு என்றேன். உடைந்த காலோடு அவனால் அவளைப் பார்த்துக்கொள்ள முடியாது. அதனால் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவளுடைய பழைய அறை அப்படியே இருந்தது. தலை வாரிவிட்டேன், உடம்பு துடைத்துவிட்டேன், வேளாவேளைக்கு மூக்கில் போட்ட குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றினேன்.

போன வாரம் இன்சூரன்ஸ்காரர் ஸ்டியரிங் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த துணியை வேல்பாண்டியிடம் காட்டியிருக்கிறார். அவன் நேராக வந்து, அவள் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே என்னைக் கேட்டான். நான் மறைக்கவில்லை. இப்போது உங்களிடம் சொன்னதை எல்லாம் அப்படியே சொன்னேன். அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் அங்கிருந்து ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தான். மறுநாள்தான் நீங்கள் வந்தீர்கள்.

இனி அவளை அவன் வைத்துக்கொள்வான் என்கிறீர்கள். வைத்துக்கொள்ளட்டும், சார். ஆனால் என்னிடம் இருந்த மாதிரி அவள் வேறு யாரிடமும் இருக்க மாட்டாள். அவன் வந்து போன பிறகு அந்த ஒரு நாள் முழுக்க நான்தான் பார்த்துக்கொண்டேன். நான் கட்டில் பக்கம் போனாலே கண்ணை மூடிக்கொள்வாள். நான் அறையைவிட்டு வெளியே வரும்வரை திறக்கவே மாட்டாள். அவளுக்கு அவ்வளவு நிம்மதி.