பதினாலு பாட்டுக்கு ஒரு அட்டை

திருட்டு கேசு இல்ல சார், காப்பி கேசு. ரெண்டும் ஒண்ணுதான்னு போன வாய்தால காசெட்டு கம்பெனி வக்கீல் சொன்னாரு, ஜட்ஜம்மாவும் தலய ஆட்னாங்க. நீங்களே சொல்லுங்க. உங்க மடில கீற பேப்பர் கட்ட நான் தூக்கினு ஓடினா உங்க கைல பேப்பர் இருக்காது. ஒரு பாட்ட நான் டேப்ல ஏத்துனா அந்தப் பாட்டு எங்க போச்சு? அங்கயேதான் கீது. டீக்கடைல பாடுது, ஆட்டோல பாடுது, கல்யாணத்துல ஸ்பீக்கர் கட்டி தெருவுக்கே பாடுது. அவங்கள யார்னா ஜீப்ல ஏத்துனாங்களா?

இருங்க இருங்க. டவாலி கூப்டுறானா? என் பேரு மாரி கேட்டுது... இல்லியா? செரி. போர்டுல பாத்து சொன்னீங்களே, பதினேயாவது நம்பர்தான? இப்ப ஆறுதான் ஓடுதா. கண்ணாடி எடுத்தார மறந்துட்டேன், அதான் உங்கள தொந்தரவு பண்ணேன். நீங்க திருத்துங்க சார், நான் பாட்டுக்கு பேசிகினு கீறேன். பரிச்ச பேப்பரா? எட்டாங்கிளாசா? சாட்சி சொல்ல வந்த எடத்துலகூட பசங்கள வுட மாட்டன்றீங்க.

கபாலி சார் என் பேரு. மந்தவெளி மார்க்கெட்டுக்கு பின்னாடி சந்துல ரெகார்டிங் சென்டர் வெச்சிருந்தேன். ஆறுக்கு எட்டு ரூம்பு, ரெண்டு டெக்கு, செவுரு பூரா காசெட்டு. நீங்ககூட அந்த காலத்துல எங்கனா ரெகார்டு பண்ணிருப்பீங்க... பண்ணிருக்கீங்களா? பாத்தீங்களா. வாத்தியாரே பண்ணிகீறாரு. எல்லாரும் பண்ணாங்க சார். கம்பெனி ஒரு படத்து காசெட்ட வுடும், அதுல ரெண்டு பாட்டு நல்லாருக்கும், மிச்சம் நாலும் குப்ப. நமக்கு வேணுங்கற பாட்ட மட்டும் பொறுக்கி ஒரே காசெட்டா குட்றான்னா தர மாட்டான். நான் தந்தேன். ஆடி மாசம் அம்மன் பாட்டு, மார்கழிக்கு பெருமாள் பாட்டு, லவ் பண்றவனுக்கு லவ் பாட்டு, புட்டுகினவனுக்கு அழுவ பாட்டு. டாக்டர் மருந்து எயுதற மாரி ஆளப் பாத்தா நான் சொல்லிடுவேன் இவனுக்கு இன்னா வேணும்னு.

அதுல என் கடைக்குன்னு ஒண்ணு இருந்திச்சு சார். அட்டை. காசெட்டு டப்பாக்குள்ள மடிச்சி சொருகறாங்களே, பாட்டு பேரு எயுதினது, அது. மத்த கடைல கோயி கிண்டுன மாரி கிறுக்கி குடுப்பான். என் கடை அட்டையப் பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம். ஓரத்துல கொடி ஓடும், பாட்டு பேரு நீலத்துல, பக்கத்துல பாடுனவங்க பேரு பச்சைல, ஒண்ணு ஒண்ணும் முத்து கோத்த மாரி இருக்கும். அந்த அட்டைக்காகவே அடையாறுலேந்து பஸ் புடிச்சி வருவாங்க.

யாரா? நான்தான் எயுதினேன். ஏன், நம்ப முடியலியா? கைய பாக்காதீங்க சார், காய்ச்சி போன கைதான். ஆனா நான்தான்.

தண்ணி இருக்கா உங்ககிட்ட? வாணாம் வுடுங்க.

அந்த அட்டைதான் சார் என்ன இங்க இட்டாந்தது. அசோக் நகர்ல பாலகணேஷ்னு ஒர்த்தன், அவனும் ரெகார்டிங் கடை. ஒரு நாளு நம்ம கஸ்டமர் அம்மா வந்து, இன்னா கபாலி, அசோக் நகர்லயும் கடை தொறந்துட்டியான்னு கேக்குது. இல்லியேமான்னேன். பைலேந்து ஒரு அம்மன் பாட்டு காசெட்ட எடுத்துக் காமிச்சிது. உள்ள நம்ம அட்டை சார். அதே கொடி, அதே எயுத்து, ஜெராக்ஸ் எடுத்து சொருகிகீறான். கலர் கூட இல்ல, கருப்பா, பொகை புடிச்ச மாரி. கடைய மூடல, எதிர்ல கீரை விக்கற அம்மாவ பாத்துக்க சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

போய் அவன் சட்டைய புடிச்சேன். அவன் பயப்படல சார், சிரிச்சான். இன்னா நைனா, பாட்டு எவன் ஊட்டு பாட்டு, அட்டை மட்டும் உன் ஊட்டு அட்டையான்னான்.

நீங்களும் சிரிக்கறீங்க. சிரிங்க. அன்னிக்கு அங்க நின்னுகினு இருந்த நாலு கஸ்டமரும் சிரிச்சாங்க. எனக்கு கைதான் வந்துச்சு. வுட்டேன் ஒண்ணு, கன்னம் வீங்கிடுச்சு. நாலு வருசம் ஆச்சு, இப்ப எதிர்ல வந்தா இன்னொண்ணு வுடுவேன். நான் மறக்கற ஜாதி இல்ல சார். எங்க அண்ணன் என் கல்யாணத்துக்கு வர்ல, அவன் சாவுக்கு நான் போவல. அப்டித்தான்.

பத்தாம் நாளு ஒர்த்தன் வந்தான். நெத்தில விபூதி, கைல மஞ்சப்பை, குனிஞ்சி குனிஞ்சி பேசறான். எங்காத்துல அம்மாவுக்கு சதாபிஷேகம், அவளுக்குப் புடிச்ச பாட்டெல்லாம் ஒரே காசெட்டா வேணும், பதினாலு பாட்டு, லிஸ்ட் போட்டுண்டு வந்துருக்கேன்னு நீட்றான். எம்பது வயசு கெயவிக்குன்னா மனசு எளகாதா? கைல டெக்கு ஹெட்டு தொடைக்கிற ஸ்பிரிட்டு கீது சாமி, நீங்களே படிங்கன்னேன். படிச்சான். அவன் ஒரு தபா படிச்சா போதும், பதினாலும் மனசுல ஏறிடும் எனக்கு. அதுல ரெண்டு பாட்டு எந்தக் கம்பெனி காசெட்டுலயும் கெடைக்காது. எங்க தெருல வெள்ளைச்சாமின்னு பிடில் வாசிக்கறவரு, அவரு ஊட்டுக்குப் போய் பயசா ஒரு இசைத்தட்டு வாங்கியாந்து, அந்த கரகர சத்தத்த கொறைச்சி ஏத்துனேன். ஒரு நாள் பூரா அதுக்கே போச்சு. கெயவி கேட்டு அழுவட்டும்னு ஏத்துனேன் சார்.

மறுநாளு வந்தான். கையால அட்டை எழுதித் தருவேளாமே, அது இருக்கோன்னு கேட்டு வாங்கினான். தொறந்து பாத்தான், தலய ஆட்னான், வாசலுக்குப் போய் கைய தூக்குனான். ஜீப் வந்து நிக்குது. நிரஞ்சன்னு பேராம், கம்பெனி ஏஜெண்டு. அவன் அம்மா செத்து பத்து வருசம் ஆச்சாம். போட்டு குடுத்தது அந்த பாலகணேஷாம். இதெல்லாம் அப்றம் ஸ்டேசன்ல ஏட்டு சொல்லித்தான் தெரியும். ரெண்டு டெக்கு, முந்நூத்தி சொச்சம் காசெட்டு, சாக்குல கட்டி ஏத்துனாங்க. என்ன பின்னாடி ஏத்துனாங்க. கீரைக்கார அம்மா மட்டும் அழுதுச்சு. மத்தவன்லாம் வேடிக்கை பாத்தான். யார் யார் பாத்தான்னு இப்பகூட வரிசையா சொல்வேன்.

கூப்டுறானா? ஒம்போதா? செரி.

தப்பு இல்லியான்னு கேக்கறீங்க. அதான சார் வாத்தியார் புத்தி. இத்தயேதான் நான் வெள்ளைச்சாமி கைல கேட்டேன், ஜாமீன்ல வந்தப்றம். அந்த மனுசன் வாசிச்ச பாட்டு எத்தினியோ கீது. கம்பெனிக்காரன் ஒரு நாள் கூலி குடுத்து அனுப்பிடுவான், காசெட்டுகூட தர மாட்டான். தான் வாசிச்ச பாட்ட எங்கிட்டதான் வந்து ரெகார்டு பண்ணிகினு போவாரு. இந்த எடத்துல அழுவுது பாரு, அது நான்தான்னு கடைல நின்னுகினு சொல்வாரு. நான் கேட்டேன், அண்ணே, நான் ஏத்துனா உனக்கு இன்னா நஷ்டம், ஏத்தாட்டி உனக்கு இன்னா லாபம்னு. ரெண்டும் ஒண்ணுமில்லன்னாரு. அப்ப நான் திருடனான்னேன். அதுக்கு அவரு சொன்னாரு, நஷ்டம் கெடக்குது கபாலி, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்ருக்கலாம்ல, யாருமே கேக்கலியே, அவனும் கேக்கல, நீயும் கேக்கலன்னாரு. எனக்கு கோவம்தான் வந்துச்சு. ரெண்டு மாசம் அவரோட பேசல.

கோர்ட்ல இப்ப இன்னா நடக்குதுன்னா, கம்பெனிக்காரனுக்கு நான் பத்தல. ஆறு மாசம் உள்ள, அம்பதாயிரம் ஃபைனு, அது எனக்கு வரும்னு என் வக்கீலே சொல்ட்டாரு. அது வரட்டும். ஆனா போன வாய்தால அவங்க வக்கீல் அந்த அட்டைய தூக்கிக் காமிச்சாரு. இது ஒரு ஆளு வேல இல்ல, இவன் ஆள வெச்சி பெரிய தொயிலா நடத்திகீறான், இத்த எயுதின ஆளயும் கேசுல சேக்கணும், யாருன்னு கேளுங்கன்னாரு. என் வக்கீல் எயுந்து, தெரியாதுன்னு சொல்லி முடிச்சிருப்பாரு. அதுக்குள்ள இந்த வாயி இருக்குதே. நான்தாம்மா எயுதினேன்னு எயுந்து நின்னுட்டேன். ஜட்ஜம்மா கண்ணாடிய எறக்கி என்ன பாத்துது. செரி, அடுத்த வாய்தால என் எதுர்ல ஒக்காந்து இதே பதினாலு வரிய எயுதி காட்டு, ஒத்து வர்லன்னா எயுதின ஆள இட்டார சொல்லி உத்தரவு போடறேன்னுது. வெளிய வந்து வக்கீல் என்ன திட்டாத திட்டு இல்ல.

அந்த வாய்தா இன்னிக்கு.

ஏன் சார் பேனாவ மூடிட்டீங்க? திருத்துங்க.

பதிமூணா? சீக்கிரம் ஓட்றாங்களே. அப்ப சொல்லிட்றேன். இவ்ளோ பெஞ்சு காலியா கீது, உங்க பக்கத்துல வந்து ஏன் குந்துனேன்னு நெனைக்கறீங்க? மடில பேப்பர் கட்டு, கைல செவப்பு பேனா. தெனம் நூறு பசங்க எயுத்த பாக்கற ஆளு. இவன பாத்து அவன் காப்பி அடிச்சிட்டான்னு ஒரு நிமிசத்துல புடிச்சிடுவீங்கல்ல? அதுக்குத்தான்.

கண்ணாடிலாம் கெடையாது சார் எனக்கு. கண்ணு பளிச்சினு கீது. எயுத்துதான் தெரியாது. கபாலின்னு கையெயுத்து போடுவேன், அதோட செரி.

எம் பொண்ணு, சிந்து. சாயந்தரம் டைப்பு கிளாஸ் முடிச்சி நேரா கடைக்கு வரும். நான் பாட்டு பேர சொல்ல சொல்ல அது எயுதும். ஸ்டூல் மேல குந்திகினு, நாக்க கடிச்சிகினு, கொடிய அது போடற அயக பாக்கணும். அப்பா, பாடுனவங்க பேரு வாணாம்னு சொல்லாத, அவங்க பேராவது இருக்கட்டும்னு அதுதான் பச்சை மையில எயுத ஆரம்பிச்சுது. ஜீப் வந்தப்ப அது கிளாசுல இருந்துது. இப்ப போன மாசம் சர்க்கார் வேலைக்கு ஆர்டர் வந்துகீது சார், டைப்பிஸ்ட்டா. போலீசு வந்து வெசாரிச்சிட்டுத்தான் சேத்துப்பாங்களாம். பேரு கேசுல ஏறிச்சுன்னா அவ்ளோதான். அது சொல்லுது, நான் வந்து உண்மய சொல்ட்றேன்பா, நீ பொய் சொல்லாதன்னு. அதனால அதுகிட்ட வாய்தா அடுத்த வாரம்னு சொல்ட்டு வந்துகீறேன்.

அந்தப் பதினாலு பாட்டு அட்டைக்கு முன்ன அது எயுதி பாத்தது ஒண்ணு ஊட்ல கெடந்துச்சு, அத்த வெச்சிகினு இருவத்திரெண்டு நாளா கோயில் தெப்பக்குளத்து படில குந்தி எயுதறேன். நாலு நோட்டு தீந்துபோச்சு. எயுதலன்னு சொல்லணும், வரையறேன். எந்த எயுத்து இன்னான்னு தெரியாது. ஆனா மொத வரி மொத பாட்டு, அது தெரியும். அந்தப் பாட்ட மனசுக்குள்ள பாடிகினே கைய இயுப்பேன், பாட்டு நிக்கற எடத்துல எயுத்தும் நிக்கும். பதினாலும் அப்டி ஏறிடுச்சு. பதினஞ்சாவதா ஜட்ஜம்மா எதனா எயுத சொன்னா மாட்டிகினேன்.

இந்தாங்க. இது ஒண்ணு, இது ஒண்ணு. எது அது எயுதினது, எது நான் எயுதினது? டக்குனு சொல்லாதீங்க, பாத்து சொல்லுங்க. பசங்க பேப்பர பாக்கற மாரி பாருங்க.

இதுதான் நான் எயுதினதுன்றீங்களா?

அப்டியா. எப்டி தெரிஞ்சுது? கொடி செரியா கீதா? வளைவு? அப்ப எதுல மாட்டுனேன்... கை நடுங்கறது தெரியுதா. அதுக்கு நடுங்காது சார், இருவது வயசுல எதுக்கு நடுங்கும். ஆனா அட்டை எயுதி நாலு வருசம் ஆச்சுல்ல, எனக்கு வயசாயிடுச்சு, கோர்ட்டுன்னா பயமா கீது, அதான் நடுங்குதுன்னு சொன்னா ஒத்துப்பாங்கல்ல? நீங்க ஜட்ஜா இருந்தா ஒத்துப்பீங்களா? சொல்லுங்க சார்.

இல்ல, சொல்ல வாணாம். கூப்ட்டான். அது என் பேருதான், இந்தத் தபா நல்லா கேட்டுது. இந்தோ வந்துட்டேங்க.

ஒரு பேனா குடுங்க சார். செவப்பு வாணாம், அந்த நீலம், பச்சை எங்கிட்ட கீது. திருப்பித் தந்துடுவேன், இங்கயே இருங்க. இத்தயாவது கேட்டு வாங்கினு போறேன். அந்த எயுத்த எடுத்துக்க எம் பொண்ணு கைல கேக்கல.