வெள்ளை டேங்க்

கடுகண்ணாவைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் தன் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்: "அவரு வர்றதுக்குள்ள இத வெள்ளையாக்கணும் நானா. எத்தன வருஷம் போச்சுன்னு அவருக்குத் தெரியக் கூடாது."

அவள் மடியில் பழைய ரேஸ் பைக் ஒன்றின் பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்க் இருந்தது. நன்றாக மஞ்சளித்திருந்தது. பேராதனைச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அதன் வாயை முகர்ந்து பார்த்த பிறகுதான் எங்களைப் போகவிட்டான்.

அவள் அண்ணன் முறையில் 'நானா' என்று அழைத்தவர் பைக் திருத்தும் கராஜ் வைத்திருப்பவர். டேங்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"மேல ஈக்குற மஞ்சள் வெயில் பட்டது. தண்ணி விட்டு சேண்ட் பேப்பரால தேச்சா போயிடும். உள்ள பெட்ரோல் ஊறின மஞ்சள் போகாது, தங்கச்சி."

"எங்க வீட்டுக்காரரு ரேஸுக்குப் போறப்பதான் ஆமிக்காரங்க புடிச்சாங்க. கேன்ல பெட்ரோல் எதுக்குன்னு கேட்டாங்களாம். அன்னைக்கு இது பால் மாதிரி இருந்துச்சு."

"ஜெயில்ல இருந்து எப்ப விடுறாங்க?"

"வர்ற வெள்ளிக்கிழம. ஏழு வருஷம் ஆச்சு."

"நீங்க போய்ப் பாக்கல்லயா?"

"வர வேணாம்னு கடுதாசி போட்டாரு. நான் அந்த வாசல்ல வந்து நிக்கிறத அவரால தாங்க முடியாதாம்."

கராஜ்காரர் டேங்கைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டார்.

"தங்கச்சி, வீட்டுக்கு வந்தா அவரு முதல்ல பாக்கப்போறது உங்கட முகத்த."

அவள் காதோரம் நரைத்திருந்த முடியைத் தொட்டுப் பார்த்தாள். பஸ் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

"அப்ப தேய்க்க வேணாம் நானா," என்றாள். "ஒழுகாம மட்டும் பாத்துக் குடுங்க. வந்ததும் பைக்க ஓட்டணும்னு நிப்பாரு."