சட்டை போட்ட சாக்கு

சாயாவுக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் சார். வெறும் வயிற்றில் எனக்கு எதையும் வரிசையாகச் சொல்ல வராது.

என் பெயர் அஸ்வந்த். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. காரோடு ஊரில் யாரும் விளையாடாமல் கிடந்த பழைய கால்பந்து மைதானத்தில், விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்ற சதாசிவன் சார் எங்களுக்கு மைக்ரோலைட் ஓட்டக் கற்றுத் தருகிறார். ஸ்கூட்டருக்கு இறக்கை முளைத்தது போன்ற வண்டி. சாரும் மாணவனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டும். வண்டியை ஓட்ட ஆளுக்கொரு பிடி உண்டு. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும்; முன்னால் தள்ளினால் வண்டி மூக்கைத் தாழ்த்தும்.

மாணவன் முதன்முதலாகத் தனியே பறப்பது சோலோ. எடை திடீரெனக் குறைந்தால் வண்டி இறங்க மறுத்து மிதக்கும். ஆகவே அன்று சாரின் இருக்கையில், அவர் எடைக்குக் கடல் மணல் நிரப்பிய சாக்கை வைத்து பெல்ட் போடுவோம். பையன்கள் சாக்குக்கு சாரின் பழைய காக்கிச் சட்டையை மாட்டிவிட்டார்கள். அதன்பின் ஏறுகிறவன் எல்லாம் சாக்குக்கு சல்யூட் வைத்தான். எவனும் பெல்ட்டை இழுத்துப் பார்க்கவில்லை. சட்டை போட்டவரைத் தொட்டுச் சோதிப்பது மரியாதையா, சொல்லுங்கள்.

போன மாதம் எங்களோடு படிக்கும் லிண்டோவின் சோலோவில் பெல்ட் தளர்ந்துவிட்டது. இறங்க மூக்கைத் தாழ்த்தியதும் சாக்கு முன்னால் சரிந்து பிடியில் சாய்ந்தது. வண்டி தரையில் மோதி அவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. அது தற்செயல், என் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதற்குப் பிறகுதான் சாக்கு கட்டும் வேலையை சார் என்னிடம் தந்தார். நான் பொறுப்பானவன் என்றார். உண்மைதான்.

டெல்வின் எனக்குப் பிறகு சேர்ந்தவன். விடியும்முன் கடலுக்குப் போய்விட்டு வகுப்புக்கு வருவான். நான் இறக்கினால் வண்டி துள்ளும். அதைச் சாயாக்கடை பெஞ்சுகளுக்கு நடுவே குதித்துக் காட்டுவான். பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்காரர் வரை எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"எலே தவளை, ஒனக்கு ஆகாசம் எதுக்கு மக்கா? கொளம் போதும்லா," என்றான்.

அடுத்த சோலோ யாருக்கு என்று சாரிடம் கேட்டேன்.

"டெல்வினுக்காக்கும். நீ மொதல்ல எறங்கப் படி."

நியாயமான பதில். நானும் நியாயமாகவே யோசித்தேன். முன்னால் சேர்ந்தவன் முன்னால் பறக்க வேண்டும். நடுவில் நுழைந்தவன் விலகிவிட்டால் வரிசை தானே சரியாகிவிடும்.

சனிக்கிழமை காலை பெல்ட்டின் இரு முனைகளையும் சட்டைக்குள் விட்டு, பூட்டாமல், பொத்தான்களைப் போட்டேன். டெல்வினின் அம்மா பவுலா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு அருகே வந்தாள்.

"நீயாக்கும் கெட்டினது? அப்பம் பயமில்ல மக்கா," என்றாள்.

வானில் ஏறும்போது வண்டியின் மூக்கு மேலே இருக்கும். சாக்கு முதுகைச் சாய்த்துச் சுகமாக உட்கார்ந்திருந்தது. டெல்வின் அழகாக ஒரு சுற்று வந்தான். நான் கைதட்டினேன். ஒரு தென்னை உயரத்துக்கு வந்ததும் மூக்கைத் தாழ்த்தினான். காக்கிச் சட்டை முன்னால் குனிந்தது. வண்டி மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் தலைகீழாகக் குத்தியது. பின்னாலிருந்த எஞ்சின் பிய்ந்து வந்து அவன் இடுப்பை நசுக்கியது.

முதலில் ஓடிச்சேர்ந்தவன் நான்தான். அவன் உயிரோடு இருந்தான். சாக்கு அவன் நெஞ்சின்மேல் கிடந்தது.

"சாக்க எடு மக்கா. மூச்சு முட்டுது."

எடுத்திருக்கலாம். ஆனால் பூட்டாத பெல்ட்டைப் பார்த்தால் ஆட்கள் என்னைத் தப்பாக நினைப்பார்கள். ஆகவே பெல்ட்டைப் பூட்டி, மோதியதில் அறுந்தது போலத் தெரிய, கிழிந்த அலுமினியக் குழாயின் விளிம்பில் தேய்த்து அறுத்தேன். கெட்டியான பெல்ட், நேரம் பிடித்தது. அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயில் ரத்தம் குமிழியிட்டது. பெல்ட் அறுந்தபோது குமிழிகள் நின்றிருந்தன. பிறகு சாக்கைத் தூக்கினேன். ஆட்கள் வந்தபோது அழுதுகொண்டிருந்தேன், அது நடிப்பில்லை.

ஆமாம் சார், நான்தான் கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று: வண்டி பழுதுபார்த்து வந்ததும் அடுத்த சோலோ என்னுடையது. அன்று வேறு யாரும் சாக்கு கட்டக் கூடாது, நானே கட்டிக்கொள்கிறேன். பாதுகாப்பு விஷயத்தில் இந்த ஊரில் எனக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை.