லினெட் சொன்ன காரணம்

தனிஸ்லாஸ்: இந்த ஆல்பத்துலயும் இல்ல.

பெர்னதெத்: அது பெனிஷாவோட ஞானஸ்நானம். கொழந்தைய வெச்சிகினு நான் நிக்கிறேனே...

தனிஸ்லாஸ்: நிக்கிற. கொழந்த இருக்கு, உன் கை இருக்கு. மூஞ்சி எங்க? ஞானத்தாயோட கொண்டைக்குப் பின்னால பாதி காது தெரியுது.

பெர்னதெத்: காது தெரியுதில்ல. அதக் குடுங்க.

தனிஸ்லாஸ்: உம் பொண்ணு கேட்டது அம்மாவும் அப்பாவும் சேந்து சிரிக்கிற போட்டோ. சனிக்கெழம மண்டபத்துல பெரிய திரையில காட்டப்போறாங்களாம். காத வெச்சிகினு அவங்க என்னா பண்ணுவாங்க?

பெர்னதெத்: அப்போ நம்ம கல்யாண போட்டோவ அனுப்பிட வேண்டியதுதான்.

தனிஸ்லாஸ்: காலையிலயே அனுப்பினேன். 'ரெண்டு பேரையும் போலீஸ்ல புடிச்சிகினு வந்து எடுத்த மாதிரி இருக்குப்பா, வேற பாரு'ன்னுட்டா.

பெர்னதெத்: வாயி அவளுக்கு. நாளான்னைக்கு மறுநாளு கல்யாணம், இன்னும் அடங்கல.

தனிஸ்லாஸ்: பொய்யா சொல்றா? நீ முக்காட்ட இடது கன்னத்து மேல இழுத்து உட்டுகினு தரையப் பாக்கற. நான் ஒதட்ட இறுக்கி மூடிகினு...

பெர்னதெத்: போட்டோக்காரரு 'சிரிங்க சார், சிரிங்க சார்'னு பத்து தரம் சொன்னாரு. நீங்க மசியல.

தனிஸ்லாஸ்: வெயிலு.

பெர்னதெத்: கோயிலுக்கு உள்ள எடுத்தது.

தனிஸ்லாஸ்: சரி, அடுத்தத காட்டு.

பெர்னதெத்: இதப் பாருங்க. சுண்ணாம்பாறு. போட்ல உக்காந்துகினு கைக்குட்டைய வாயில பொத்தியிருக்கீங்க.

தனிஸ்லாஸ்: அன்னிக்கி இருமல்.

பெர்னதெத்: பெனிஷா கோயில்ல புதுநன்ம வாங்கினப்ப?

தனிஸ்லாஸ்: அன்னிக்கும் கொஞ்சம்...

பெர்னதெத்: வில்லியனூர் தேருக்குப் போனமே, அப்போ?

தனிஸ்லாஸ்: தேருன்னா தூசு பறக்காதா?

பெர்னதெத்: இருபத்தொம்பது வருஷமா இருமுற மனுஷன நான் உங்களத்தான் பாக்கறேன்.

தனிஸ்லாஸ்: நீ மட்டும் என்னா? எங்க போனாலும் கேமராவப் புடுங்கி கையில வெச்சிகினவ நீதான். இந்த ஊட்டுல நீயின்னு ஒருத்தி இருந்ததுக்கு அத்தாட்சியே இல்ல. பாதி காதுதான்.

பெர்னதெத்: யாராவது எடுக்கணுமில்ல.

தனிஸ்லாஸ்: அதான். யாராவது எடுக்கணும்.

பெர்னதெத்: ஏங்க... அந்த நீலச் சட்டைய துவைக்கப் போட்டீங்களே. பையில ஒரு சீட்டு இருந்துது.

தனிஸ்லாஸ்: என்னா சீட்டு?

பெர்னதெத்: பல் டாக்டர் சீட்டு. நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லி. முன்பல்லு ரெண்டுன்னு எழுதியிருக்கு.

தனிஸ்லாஸ்: அது... லேசா ஆடுது.

பெர்னதெத்: நேத்துதானே கரும்ப கடிச்சித் துப்பிகினு இருந்தீங்க.

தனிஸ்லாஸ்: ...எடுத்துட்டு வேற வெச்சித் தராங்களாம் பெர்னா. வரிசையா. சனிக்கெழமைக்குள்ள தற்காலிகமா ஒண்ணு மாட்டி உடறேன்னாரு.

பெர்னதெத்: நல்லா இருக்கற பல்லப் புடுங்கவா? அம்பத்தெட்டு வயசுல?

தனிஸ்லாஸ்: மேடையில நிக்கணும். சம்பந்தி ஊட்டுக்காரங்க ஒரு பக்கம்... பிரான்ஸ்லேருந்து வேற ஆளுங்க வராங்க.

பெர்னதெத்: ஆளுங்களா? லினெட் ஒருத்திதானே வரா.

தனிஸ்லாஸ்: ஆமா. அவதான்.

பெர்னதெத்: அவ வந்தா உங்களுக்கு என்னா?

தனிஸ்லாஸ்: எனக்கு என்னா? ஒண்ணுமில்ல.

பெர்னதெத்: ஒண்ணுமில்லாதவருதான் பல்லப் புடுங்கிக்கப் போறீங்களா? நீங்க பொண்ணு பாக்க வந்தது அவளத்தானே. எங்க பெரியப்பா பொண்ணப் பாக்க வந்துட்டு, கடைசியில என்னக் கட்டிகினீங்க.

தனிஸ்லாஸ்: இத்தன வருஷத்துல நீ இந்தப் பேச்ச எடுத்ததே இல்ல.

பெர்னதெத்: இன்னிக்கி எடுக்கறேன். லினெட்ட உங்களுக்குப் புடிச்சிதுதானே?

தனிஸ்லாஸ்: போட்டோவுல பாத்தப்ப புடிச்சிது. பொய் சொல்லி என்னா ஆவப் போவுது.

பெர்னதெத்: எத்தன நாளு?

தனிஸ்லாஸ்: எது எத்தன நாளு?

பெர்னதெத்: போட்டோ உங்ககிட்ட இருந்துது.

தனிஸ்லாஸ்: நாலு நாளு. சட்டப் பையில. அப்புறம் எங்க அம்மா திருப்பிக் குடுத்துட்டாங்க.

பெர்னதெத்: நாலு நாளா...

தனிஸ்லாஸ்: அதுக்கு ஏன் மூஞ்சி அப்படிப் போவுது?

பெர்னதெத்: மூணு ஞாயித்துக்கெழம கோயில்ல நம்ம கல்யாண ஓலை வாசிச்சாங்களே. தனிஸ்லாஸ்னு உங்க பேரச் சொல்லிட்டு, அடுத்து எம் பேரு வரும்போது, இவரு மனசுல லினெட்னு கேட்டுகினு இருப்பாருன்னு நெனப்பேன்.

தனிஸ்லாஸ்: பைத்தியம்.

பெர்னதெத்: எரக்கப்பட்டுத்தான் கட்டிகினீங்கன்னு எனக்குத் தெரியும். நீங்களும் எனக்கு ஒரு கொறயும் வெக்கல. பீச்சுக்குப் போனாக்கூட எப்பவும் என் இடது பக்கமா வந்து உக்காருவீங்க. இந்தக் கன்னத்துத் தழும்ப போறவங்க வர்றவங்க பாக்கக் கூடாதுன்னு.

தனிஸ்லாஸ்: எந்தத் தழும்பு? அம்ம போட்ட தழும்பா?

பெர்னதெத்: வேற எது.

தனிஸ்லாஸ்: அடிப்பாவி. அந்தப் பக்கத்துலேருந்துதான் வாடக்காத்து அடிக்கும். காதுல பூந்தா மறுநாளு பூரா தலவலின்னு படுத்துப்ப. அதுக்காக உக்காந்தேன்.

பெர்னதெத்: ...நெசமாவா?

தனிஸ்லாஸ்: முப்பது வருஷமா தழும்ப மறைக்க உக்காந்தேன்னா நெனச்சிகினு இருந்த?

பெர்னதெத்: ஆமா.

தனிஸ்லாஸ்: ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே.

பெர்னதெத்: கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டா?

தனிஸ்லாஸ்: ...அதுவும் சரிதான். நானும் அப்படி ஒண்ணக் கேக்காமலே வெச்சிருக்கேன்.

பெர்னதெத்: என்னாத்த?

தனிஸ்லாஸ்: வேணாம் உடு. ஆல்பத்த எடு.

பெர்னதெத்: நான் சொன்னேன்ல. நீங்களும் சொல்லுங்க.

தனிஸ்லாஸ்: அன்னிக்கி உருளையன்பேட்ட ஊட்டுக்கு வந்தமே. உங்க பெரியப்பா வெள்ள சட்ட போட்டுகினு நடுவுல உக்காந்திருந்தாரு.

பெர்னதெத்: பிரெஞ்சு பட்டாளத்துல வாங்கின மெடல வேற குத்திகினு.

தனிஸ்லாஸ்: ஆங். தட்ட நீட்டினாரு. நான் பிஸ்கட்ட எடுத்துகினு 'மெர்சி'ன்னேன். மனுஷனுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு பிரெஞ்சு தெரியும்னு நெனச்சி என்னென்னமோ பேசறாரு. எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வார்த்ததான். சிரிச்சி சிரிச்சி சமாளிச்சேன்.

பெர்னதெத்: தெரியும். உள்ள சத்தம் கேட்டுது.

தனிஸ்லாஸ்: உள்ள இருந்த சத்தமும் எனக்குக் கேட்டுது பெர்னா. நடுவுல பலகத் தடுப்புதானே.

பெர்னதெத்: ...என்னா கேட்டுது?

தனிஸ்லாஸ்: லினெட் குரலு. 'அந்த எத்துப்பல்லப் பாத்துகினு தெனமும் சோறு திங்க என்னால ஆவாது'ன்னு.

பெர்னதெத்: மாதாவே.

தனிஸ்லாஸ்: பிஸ்கட்டு வாயில. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. பெரியப்பா ஏதோ தமாஷ் சொல்லிட்டு என் மூஞ்சியப் பாக்கறாரு. நான் வாய மூடிகினு தலைய ஆட்டினேன். அன்னிக்கி மூடினதுதான்.

பெர்னதெத்: உங்க காதுல உழுந்துதா... அது உங்க காதுலயே உழுந்துதா?

தனிஸ்லாஸ்: எங்க அம்மாகிட்டகூட சொல்லல. அதுவரைக்கும் எனக்கு எத்துப்பல்லுன்னு தெரியும். கண்ணாடி இல்லாத ஊடா? ஆனா அது ஒரு விஷயம்னு தெரியாது. சேதராப்பட்டு கம்பெனியில பசங்க கிண்டல் பண்ணுவானுங்க, நானும் பண்ணுவேன். அதோட போயிடும். இது போவல.

பெர்னதெத்: ஏங்க...

தனிஸ்லாஸ்: இரு. பதினஞ்சு நாளு கழிச்சி உங்க பெரியப்பா வந்தாரு. 'என் தம்பி பொண்ணு ஒண்ணு எங்ககூடதான் இருக்கு, அதுக்குச் சம்மதம்'னாரு. எனக்கு என்னா தோணிச்சி தெரியுமா? அப்பன் இல்லாத பொண்ணு, அடுத்தவங்க ஊட்டுல இருக்குது, மாட்டேன்னு சொல்ல அதுக்கு வழியில்ல, புடிச்சித் தள்ளறாங்கன்னு. பாவம், அந்தப் பொண்ணு தெனமும் இந்த வாயப் பாக்கணுமே, முடிஞ்ச வரைக்கும் மூடிகினு இருந்துடுவோம்னு.

பெர்னதெத்: எனக்காகவா மூடிகினு இருந்தீங்க?

தனிஸ்லாஸ்: உன்கூட உக்காந்து சாப்புடாம, முன்னாடியே சாப்ட்டு எழுந்துடுவனே. எதுக்குன்னு நெனச்ச?

பெர்னதெத்: என் மூஞ்சியப் பாக்கப் புடிக்கலன்னு...

தனிஸ்லாஸ்: நல்லா இருக்கு, போ.

பெர்னதெத்: நாளைக்கு அந்த டாக்டருகிட்ட போவாதீங்க.

தனிஸ்லாஸ்: போறேன். லினெட் முன்னாடி ஒரு தரமாவது வாயத் தெறந்து சிரிச்சிட்டு வரேன். அதுக்கு அப்புறம் எனக்கு ஒண்ணும் வேணாம்.

பெர்னதெத்: அந்தப் பேச்சு... அது லினெட் பேச்சு இல்லங்க.

தனிஸ்லாஸ்: என் காதால கேட்டேன்.

பெர்னதெத்: சொன்னது அவதான். சொல்லிக் குடுத்தது வேற ஆளு.

தனிஸ்லாஸ்: யாரு, உங்க பெரியம்மாவா?

பெர்னதெத்: பெரியம்மா இல்ல.

தனிஸ்லாஸ்: அப்போ யாரு பெர்னா?

பெர்னதெத்: நான்.

தனிஸ்லாஸ்: நீயா?

பெர்னதெத்: எழுந்து போவாதீங்க.

தனிஸ்லாஸ்: போவல. அந்தத் தண்ணிய எடு.

பெர்னதெத்: அவளுக்குப் பிரான்ஸ் சம்பந்தம் ஒண்ணு பேசிகினு இருந்தாங்க. உங்கள எப்படி வேணாம்னு சொல்றதுன்னு காரணம் தேடிகினு இருந்தா. நான் எடுத்துக் குடுத்தேன். அத அவ அவ்ளோ சத்தமா சொல்லுவான்னு நெனைக்கல. பெரியம்மா ஒருத்திக்குத்தான் கேட்டுதுன்னு இருந்தேன். இன்னிக்கி வரைக்கும்.

தனிஸ்லாஸ்: அப்போ உனக்கும் அருவருப்பாத்தான் இருந்துது.

பெர்னதெத்: இல்ல.

தனிஸ்லாஸ்: அருவருப்பு இல்லாமலா அப்படி ஒரு வார்த்த வரும்? அதச் சொன்ன வாயாலதான் எனக்குச் சம்மதம்னும் சொன்ன.

பெர்னதெத்: ஆமா. எனக்குச் சம்மதம்னு பெரியம்மா காதுல போட்டதும் நான்தான். யாரும் என்னப் புடிச்சித் தள்ளல. நானாத்தான் வந்தேன்.

தனிஸ்லாஸ்: இத இப்ப எதுக்குச் சொல்ற? இத்தன நாளு இல்லாம.

பெர்னதெத்: நம்ம கல்யாணம் எப்படி நடந்துதுன்னு மேடையில பேசச் சொல்லி பெனிஷா அவளக் கேட்டிருக்கா. 'அந்தப் பல்லு கதையச் சொல்லிடவாடி'ன்னு போன்ல சிரிக்கிறா. அவ தமாஷா சொல்லி நீங்க தெரிஞ்சிக்கக் கூடாது. வேணாம்டின்னு சொல்லியும் வெச்சிட்டேன், சொல்லமாட்டா. ஆனா சீட்டப் பாத்ததுலேருந்து எனக்கு இருப்புக் கொள்ளல.

தனிஸ்லாஸ்: சீட்டு கிடைக்கலன்னா?

பெர்னதெத்: சொல்லியிருக்க மாட்டேன்.

தனிஸ்லாஸ்: முப்பது வருஷம் இருமினேன்டி.

பெர்னதெத்: என்னக் கட்டிகினதாலதான் உங்க சிரிப்பு போச்சின்னு இருந்தேன். அதுக்கு முன்னாடி நீங்க அப்படி இல்லியே.

தனிஸ்லாஸ்: அதுக்கு முன்னாடி என்ன நீ எங்க பாத்த?

பெர்னதெத்: மாதா திருநாளுக்குக் கோபுரத்துல லைட்டு கட்டினீங்க. பொண்ணு பாக்க வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. கன்னியர் மடத்துத் தையல் கிளாஸ்லேருந்து நாங்க ஏழெட்டு பேரு பூ கட்ட வந்திருந்தோம்.

தனிஸ்லாஸ்: எங்களுக்கு அதெல்லாம் எங்க கண்ணுல பட்டுது...

பெர்னதெத்: சுவிட்ச போட்டாங்க. ஒரு பக்கந்தான் எரிஞ்சிது. கீழ இருந்த பொண்ணுங்க பூரா உங்களப் பாத்துச் சிரிக்குதுங்க. நீங்க ஏணி உச்சியில நின்னுகினு எங்களுக்கு மேல சிரிச்சீங்க. வாயெல்லாம் பல்லா. யாரு பாக்கறா, என்னா நெனைப்பாங்கன்னே இல்லாம. கன்னத்துல முந்தானைய வைக்காம நான் தெருவுல நடந்ததில்லங்க. இந்த ஆளுகூட இருந்தா எனக்கும் அது போயிடும்னு இருந்துது.

தனிஸ்லாஸ்: சரி. நாளைக்குப் போவல. போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன்.

பெர்னதெத்: கோவமா?

தனிஸ்லாஸ்: இருக்கு. எங்கியும் போயிடாது, பொறுமையாப் படறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தச் சிரிப்பப் பாத்துத்தானே உனக்குப் புடிச்சிது? அப்புறம் ஏன் அந்தப் பல்லையே சொன்ன? சம்பளம் பத்தாதுன்னு சொல்லியிருக்கலாம். ஊடு சின்னதுன்னு சொல்லியிருக்கலாம்.

பெர்னதெத்: அவ காரணம் தேடினான்னு நான் சொன்னது பொய்ங்க. அதெல்லாம் சொல்லிப் பாத்துட்டேன். தடுப்பு இடுக்குல உங்களப் பாத்துகினே இருந்துட்டு, 'பிரான்ஸ் வேணாம்னு சொல்லிடவாடி, இவரு சிரிச்சா எவ்ளோ நல்லா இருக்காரு பாரு'ன்னு லினெட் என் கையப் புடிச்சா.